எறிகுண்டா, பாதரசக் குப்பியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசின்) படைக்கலங்கள் பற்றிய தங்கள் கட்டுரை, கூம்பிய அடியும் குறுகிய வாயும் கொண்ட சிறு மட்கலங்களை, ‘கிரேக்க நெருப்பு’ எனும் எரிதிரவம் நிரப்பி எறியப்பட்ட குண்டுகள் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறிவிடுகிறது. 7ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்நெருப்பு பெரும்பாலும் கப்பல்களிலிருந்து குழாய் வழியே பீய்ச்சப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, இவ்வகைக் கலங்கள் எகிப்து முதல் மத்திய ஆசியா வரையுள்ள இஸ்லாமிய நகரங்களிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளன. உடைந்து சிதற வேண்டிய குண்டுக்குச் சுவர் அத்தனை தடிப்பாக இருப்பானேன்? தோள்பகுதியில் முத்திரையும் கீறல் கோலமுமிட்டு அழகுபடுத்துவானேன்? பாதரசக் குப்பி, நறுமணத் தைலக் குடுவை, பியர் கலம், அடுப்புத் தீயை நீராவியால் ஊதும் கருவி என அறிஞர்கள் பலவாறு கருதுகின்றனர். ஒரே வடிவம் ஊருக்கு ஊர் வெவ்வேறு வேலைக்கு உதவியிருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. படக்குறிப்பில் ஒரு கேள்விக்குறியேனும் இட்டிருக்கலாம்.

தங்கள் வாசகர்