குரல் கேட்பது கற்பனையன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய் குறித்துக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, நோயை மறைக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று வலியுறுத்தியது வரவேற்கத்தக்கது. ஆனால் நோயாளிகளுக்குக் கேட்கும் குரல்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், ‘இல்லாத குரலை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள்’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். என் அண்ணன் 14 ஆண்டுகளாக அக்குரல்களோடு வாழ்ந்து வருகிறார். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு கட்டத்தில் இப்படிக் குரல் கேட்கிறது.

கற்பனை நாமாக வரவழைப்பது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். அண்ணனுக்குக் கேட்பதை அவர் அழைக்கவும் இல்லை, அவரால் நிறுத்தவும் முடிவதில்லை. மூளையை ஆராய்ந்தவர்கள் கண்டதும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 1993ஆம் ஆண்டில் லண்டனில் பிலிப் மெக்குவயர் குழுவினர், குரல் கேட்டுக்கொண்டிருந்த வேளையிலும் அது ஓய்ந்த பிறகும் அதே நோயாளிகளின் மூளையில் இரத்த ஓட்டத்தை அளந்து ஒப்பிட்டபோது, பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் குரல் கேட்ட வேளையில் இரத்த ஓட்டம் கூடியிருந்தது. 1999ஆம் ஆண்டில் தாமஸ் டயர்க்ஸ் குழுவினர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்த நோயாளிகளிடம் குரல் தொடங்கும்போதும் முடியும்போதும் தெரிவிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். செவிவழி வரும் ஒலியை மூளைப்புறணியில் முதலில் வாங்கிக்கொள்ளும் ஹெஷல் மடிப்பு, அறையில் அவர்களோடு யாரும் பேசாதபோதே இயங்கியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் மூவரே என்பதையும், பின்வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அம்மடிப்பு இதே போல் தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் பேச்சை ஆக்கும் பகுதிகளும், பேச்சை உணரும் பகுதிகளும், நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகாம்பஸும் குரல் கேட்கும் வேளையில் இயங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் பேசுவது யார்? பெரும்பாலும் நோயாளியின் சொந்த உள்மனப் பேச்சுதான் என்பது நெடுநாளாக உள்ள ஒரு விளக்கம். நாம் வாய்திறந்து பேசும்போது, பேச்சுக்கான கட்டளையின் நகல் ஒன்று முன்கூட்டியே கேட்கும் பகுதிக்குப் போய், வரப்போவது நம் குரல்தான் என்று அறிவித்துவிடுகிறது. அதனால் ஒலி எழுந்து ஏறத்தாழ 100 மில்லிநொடியில் மூளையில் எழ வேண்டிய மின் அலை அடங்கியே எழுகிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் அந்த அடக்கம் குறைவாக இருப்பதை ஜூடித் ஃபோர்டும் டேனியல் மதலோனும் மூளை மின்பதிவின் வழியே காட்டினார்கள். மனதுக்குள் பேசும் பேச்சிலும் அந்த முன்னறிவிப்பு தவறினால், தன் சொல்லே பிறர் சொல்லாக வந்து சேரும். ஆனால் அந்தக் குரல் ஏன் இத்தனை பேருக்கு ஏசுவதாகவும் மிரட்டுவதாகவும் அமைகிறது என்பதற்கு இவ்விளக்கம் மட்டும் போதாது. குரல் கேட்பதில் எதிர்பார்ப்பின் பங்கும் உண்டு. 2017ஆம் ஆண்டில் ஆல்பர்ட் பவர்ஸ், ஃபிலிப் கார்லெட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரு காட்சியோடு சேர்த்து ஓர் ஒலியைப் பலமுறை கேட்கச் செய்தார்கள். பிறகு காட்சி மட்டும் வந்தபோது, ஒலியும் கேட்டதாகச் சொன்னவர்களில் குரல் கேட்கும் வழக்கமுள்ளவர்களே மிகுதி.

இதை நான் வெறும் படிப்பறிவாகச் சொல்லவில்லை. குரல் மிகும்போதெல்லாம் அண்ணன் மெல்ல முனகிக்கொண்டே இருப்பார். அதுவும் நோயின் அறிகுறி என்று எண்ணி, ‘வாயை மூடு’ என்று நாங்கள் அதட்டிய ஆண்டுகள் பல. முனகுவதும், வாயை அகலத் திறந்து வைத்திருப்பதும் சிலருக்குக் குரலைத் தணிக்கின்றன என்று மார்செல் கின்ஸ்போர்னும் உடன் ஆய்ந்தவர்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்தே எழுதியிருந்ததை மிகவும் பிந்தியே அறிந்தேன். உள்ளே ஓடும் பேச்சுக்குத் தேவையான தசைகளை வேறு வேலையில் ஈடுபடுத்தினால் அப்பேச்சு தடைப்படும் என்பது அவர்கள் எண்ணம். எல்லோருக்கும் இது பயன்படுவதில்லை. மாத்திரைக்கு மாற்றும் அன்று. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைனின் செயலைத் தணிக்கும் மருந்துகள்தாம் இன்றும் முதன்மைச் சிகிச்சை, அண்ணனும் அவற்றைத் தவறாமல் எடுத்து வருகிறார். ஆனால் அவர் தானே கண்டுபிடித்துக்கொண்ட ஒரு துணையை, அறியாமையால் நாங்கள் பிடுங்க முனைந்தோம் என்பதை நினைக்கையில் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

‘அங்கே யாருமில்லை, எல்லாம் உன் நினைப்பு’ என்று சொல்வதால் குரல் நிற்பதில்லை. கேட்டதைச் சொல்வதை மட்டும் நோயாளி நிறுத்திக்கொள்கிறார். அவ்வாறு அவர் மௌனமாகிவிட்டால், குரல் எதைச் செய்யச் சொல்கிறது, தன்னைத்தானே வருத்திக்கொள்ளச் சொல்கிறதா என்பது வீட்டாருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. குரல் சொல்வது உண்மை என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ‘எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்கிறது என்பதை நம்புகிறேன், என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் போதும். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அண்ணன் பேசத் தொடங்கினார்.

தங்கள் கட்டுரையை அவரும் படித்தார். படித்துவிட்டு, ‘நான் நடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறார்களா?’ என்று என்னிடம் கேட்டார். கட்டுரையாளர் அப்படிக் கருதியிருக்க மாட்டார் என்பதை அறிவேன். இனி இந்நோய் பற்றி எழுதும்போது ‘கற்பனை’ என்ற சொல்லைத் தவிர்த்து, ‘வெளியே ஒலி இல்லாதபோதும் குரல் கேட்கிறது’ என்று எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்