எஸ்கலேட் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடி மொழிபெயர்ப்பில் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. ராத்திரி வேலை மட்டும் வேண்டாம். சொன்னால் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சரி, உன் சந்தேகத்துக்கு வருகிறேன். எஸ்கலேட் (escalate), இன்டென்சிஃபை (intensify) என்ற ஆங்கில வினைகள் இரண்டுக்குமே ‘தீவிரமடைதல்’ என்று போட்டால் என்ன கெட்டுவிடும் என்கிறாய். பல இடங்களில் ஒன்றும் கெடாது. சில இடங்களில் செய்தியே மாறிவிடும்.

இன்டென்சிஃபை என்றால் இருப்பதன் வலு கூடுவது, அவ்வளவுதான். புயல் வலுக்கும், வலி கடுமையாகும், தேடுதல் முடுக்கிவிடப்படும். நல்லது கெட்டது இரண்டுக்கும் ஒத்துவரும். ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜ் 1817இல் வெளியான தன் நூலில் இதைக் கையாண்டுவிட்டு, அன்று பெயர்பெற்றிருந்த ஜான்சனின் ஆங்கில அகராதியில் இல்லாத சொல், தன் காதுக்கே கரடுமுரடாக ஒலிக்கிறது என்று அடிக்குறிப்பும் போட்டார். இன்று வானிலை அறிக்கைகூட அது இல்லாமல் நகர்வதில்லை!

எஸ்கலேட்டின் கதை வேறு. அது எஸ்கலேட்டரின் வாலை நறுக்கிப் பிறந்த வினை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஓடிஸ் நிறுவனம் காட்டிய நகரும் படிக்கட்டின் வணிகப் பெயர்தான் எஸ்கலேட்டர். ஊரே அந்தப் பெயரைச் சொல்லத் தொடங்கியதால் 1950இல் அது பொதுச்சொல் ஆகிவிட்டது. வினைக்கு முதலில் அதில் ஏறிப்போவது என்றுதான் அர்த்தம். சிறிய போர் அணுப்போராக முற்றிவிடுமோ என்ற பனிப்போர்க் காலத்துப் பயம்தான் அதற்கு இன்றைய பொருளைக் கொடுத்தது. ஹெர்மன் கான் என்ற போர் ஆய்வாளர் 1965இல், மோதல் எப்படிப் படிப்படியாக முற்றும் என்று 44 படிகள் கொண்ட ஒரு ஏணியையே வரைந்து காட்டினார்.

அதனால்தான் அந்தச் சொல்லில் படிப்படியாக ஏறுவது இருக்கிறது. பெரும்பாலும் இரு தரப்பும் இருக்கிறது. ஒருவர் ஒரு படி ஏற, மற்றவர் அடுத்த படி. மகிழ்ச்சி எஸ்கலேட் ஆகாது, வெயிலும் ஆகாது. வாக்குவாதம் ஆகும். இதற்கு நம்மிடம் ‘முற்றுதல்’ இருக்க, ஏன் தீவிரத்தைத் தேடுகிறாய்? ‘வாய்த்தகராறு முற்றிக் கைகலப்பானது’ என்று எழுது. ஆங்கிலத்தில் எஸ்கலேட்டை ஒட்டி வரும் ‘இன்டு’வும் (into) அதிலேயே அடங்கிவிடும். செலவு, விலை என்று வந்தால் மட்டும் முற்றாது. அங்கே ‘எகிறியது’ போடலாம்.

நீ முக்கியமாகக் கவனிக்க வேண்டியது எழுவாயை. ‘மோதல் எஸ்கலேட் ஆனது’ என்றால் யார் செய்தது என்று சொல்லவில்லை. ‘அவர்கள் மோதலை எஸ்கலேட் செய்தார்கள்’ என்றால் பழி ஒரு தரப்பின் மேல். ராஜதந்திர அறிக்கைகளில் இந்த வித்தியாசத்துக்காகவே வாக்கியத்தை மணிக்கணக்கில் செதுக்குவார்கள். நீ அனுப்பிய பக்கத்தில் மூலம் ‘பதற்றம் முற்றியது’ என்று நழுவுகிறது. உன் தமிழோ ‘பதற்றத்தை முற்றவைத்தனர்’ என்கிறது. மூலம் வேண்டுமென்றே மறைத்த ஆளை நாம் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும்? எனக்கும் ஆளைச் சொல்லிவிடத்தான் ஆசை, ஆனால் அது மொழிபெயர்ப்பாளன் வேலை இல்லை.

அலுவலக எஸ்கலேட் தனி ஜாதி. புகாரை மேலதிகாரிக்கு அனுப்புவது, அவ்வளவுதான். அங்கே எதுவும் முற்றுவதில்லை, காகிதம் மாடி ஏறுகிறது. ‘மேலிடத்துக்குக் கொண்டுபோனார்’ போதும். எதிர்ச்சொல்லான டீ-எஸ்கலேட் வந்தால் ‘தணித்தல்’ அழகாகப் பொருந்தும்.

இங்கே எல்லோரும் சுகம். பேரன் பேசத் தொடங்கிவிட்டான், நிறுத்துவதுதான் இல்லை. அப்புறம், எக்ஸாசர்பேட் (exacerbate) என்ற சொல்லைப் பற்றியும் ஓரத்தில் குறித்திருந்தாய். ஏற்கெனவே கெட்டுப்போனதை இன்னும் மோசமாக்கும் இடத்தில் மட்டும் அது வரும். அடுத்த அத்தியாயத்தை மூலப் பிரதியோடு சேர்த்து அனுப்பு, இரண்டையும் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்