அண்ணாந்து பார்த்த ஆட்கள்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பிக்கு செமஸ்டர் லீவு. கடைக்கு வந்து உதவுகிறேன் என்று சொல்லிவிட்டு போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்கு நீ போனில் சொன்னதற்கு உடனே எனக்குப் பதில் வரவில்லை. உன் பேராசிரியர் அந்தக் கட்டுரையில் உன் பெயரைப் பின்னால் தள்ளியதைவிட, அவர் அப்படிச் செய்யக்கூடியவர் என்று தெரிந்ததுதான் உன்னை அதிகம் சுட்டிருக்கிறது. குரலிலேயே தெரிந்தது. எம்.எஸ்சி. படிக்கும்போது அவர் பேச்சை லேப்டாப்பில் போட்டுவிட்டு, தட்டில் சோறு காய்கிற வரைக்கும் கேட்டவள் நீ. "இனிமே யாரையும் பெருசா நினைக்கப் போறதில்லப்பா" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மைக்கேல் ஃபாரடே உனக்கு உன் துறைக்காரர். எனக்கு அவர் என் பைண்டிங் தொழில்காரர். நம் கடையில் வேலைக்கு வந்த பையன்களில் அவர் கதையை என்னிடம் கேட்காதவன் கிடையாது. நீயும் சின்ன வயதில் கேட்டிருக்கிறாய், ஆனால் பாதிதான்: கொல்லர் மகன், பைண்டிங் பையன், காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கிய பெரிய மனிதன் என்கிற பாதி. மீதியை நீ வளர்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது வேளை வந்துவிட்டது.

1805-ல் ஃபாரடேக்கு 14 வயது. லண்டன் பிளாண்ட்ஃபோர்டு தெருவில் ரீபோ என்பவரின் கடையில் ஏழு வருஷம் தொழில் பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் தொழில் கற்க முதலாளிக்குப் பணம் கட்ட வேண்டும். எடுபிடி வேலையில் பையன் நாணயமாக இருந்ததால் பணம் வேண்டாம் என்று ரீபோ பத்திரத்திலேயே எழுதிக்கொடுத்தார். பையன் பகலில் அச்சடித்த தாள்களை ஃபாரம் ஃபாரமாக மடித்துத் தைப்பான், முதுகுக்குப் பசை போடுவான், வேலை முடிந்ததும் அதே புத்தகத்தைப் பிரித்துப் படிப்பான். கடைக்குப் பின்னால் சில்லறை சாமான்களை வைத்துப் பரிசோதனை செய்யவும் ரீபோ விட்டார். பைண்டிங் கடையில் நெருப்பும் அமிலமும்! நானாக இருந்தால் விட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். கூடத் தொழில் பழகிய இரண்டு பேரில் ஒருவர் பாடகரானார், ஒருவர் சிரிப்பு நடிகரானார். மூன்று பையன்களைத் தயார் செய்து ஒருவர்கூடத் தொழிலில் நிற்கவில்லை. எனக்கு அந்த ரீபோவை ரொம்பப் பிடிக்கும்.

அப்படிக் கைக்கு வந்ததில் ஒன்று ஜேன் மார்செட் என்ற அம்மாள் எழுதிய வேதியியல் புத்தகம். ஒரு டீச்சரும் இரண்டு பெண் பிள்ளைகளும் பேசிக்கொள்வதுபோல எழுதியது. முதலில் வந்தபோது எழுதியவர் பெயரே அதில் இல்லை. வேதியியலுக்குள் தன்னைக் கைபிடித்துக் கூட்டிப்போனது அவர்தான் என்று ஃபாரடே கடைசிவரை சொன்னார். பெரிய ஆளான பிறகு தான் எழுதிய கட்டுரைகளை அந்த அம்மாளுக்கு அனுப்பிக்கொண்டும் இருந்தார். ராத்திரியில் டேட்டம் என்பவர் நடத்திய அறிவியல் வகுப்புக்கு ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். அதைக் கொடுத்தது கொல்லுப்பட்டறையில் வேலை பார்த்த அண்ணன் ராபர்ட்.

பையன் எழுதிவைத்த நோட்டுகளை ரீபோ ஒரு வாடிக்கையாளரிடம் பெருமையாகக் காட்டினார். அதைப் பார்த்துத்தான் டான்ஸ் என்பவர், ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியல் அறிஞரின் நான்கு சொற்பொழிவுகளுக்கு டிக்கெட் தந்தார். 1812. டேவிக்கு அப்போது 33 வயது. மரச்சிற்பம் செதுக்குகிறவரின் மகன், தானாகவே படித்து மேலே வந்தவர். பொட்டாசியத்தையும் சோடியத்தையும் 1807-லேயே பிரித்துக் காட்டியவர். ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற லண்டன் அறிவியல் நிறுவனத்தில் அவர் பேசினால் தெருவே வண்டிகளால் அடைத்துக்கொள்ளும். பையன் மாடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதினான். பிறகு அதைச் சுத்தப் பிரதி எடுத்து, படம் வரைந்து, 300 பக்கத்துக்குத் தானே பைண்டிங் போட்டு, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பினான். அந்தப் புத்தகம் இன்னும் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருக்கிறது. 200 வருஷம் தாண்டி நிற்கிற தையல், கயல். தொழில்காரன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக முடியாது.

இனிமேல்தான் நீ கேட்காத பாதி.

வியாபாரம் சுயநலம் பிடித்தது, அதைவிட்டு வெளியே வர வேண்டும், அறிவியல்காரர்கள் நல்ல குணமும் தாராள மனசும் உள்ளவர்கள் என்று ஃபாரடே நம்பியிருந்தார். (பணம் வாங்காமல் தொழில் சொல்லிக்கொடுத்த ஒரு வியாபாரியிடம் இருந்துவிட்டு இப்படி நினைத்தார் என்பது எனக்குக் கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.) டேவி நேரில் பார்த்தபோது இதைக் கேட்டுச் சிரித்தார். சில வருஷ அனுபவம் அந்த எண்ணத்தைத் திருத்திவிடும் என்றார். கையில் இருக்கிற பைண்டிங்கை விடாதே என்று புத்தியும் சொன்னார். கொஞ்ச நாளில் அங்கே ஓர் உதவியாளர் அடிதடியில் வேலை இழக்க, 1813 மார்ச்சில் ஃபாரடேயைக் கூப்பிட்டுக்கொண்டார். வாரம் 25 ஷில்லிங், தங்க மாடியில் இரண்டு அறை.

அந்த வருஷக் கடைசியில் டேவி மனைவியோடு ஐரோப்பா புறப்பட்டபோது அவருடைய வேலையாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டான். பாரிஸில் வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று ஃபாரடேயை அந்த வேலையையும் பார்க்கச் சொன்னார்கள். வேறு ஆள் வரவே இல்லை. டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பேசாமல் ஊருக்குத் திரும்பி பழைய புத்தகத் தொழிலையே பார்க்கலாமா என்று நண்பனுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு மனசு நொந்தது. அதே பயணத்தில்தான் ஆம்பியரைப் பார்த்தார், வோல்டாவைப் பார்த்தார். ஃபிளாரன்ஸில் பெரிய லென்ஸை வைத்து டேவி வைரத்தை எரித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்றார். ஒரே மனிதரின் கையிலிருந்து அவமானமும் வந்தது, படிப்பும் வந்தது.

இதைவிடப் பெரியது பின்னால் வந்தது. 1821-ல் மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார் ஃபாரடே. உங்கள் மோட்டாரெல்லாம் அதிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதற்குச் சில மாதம் முன்னால் வொல்லாஸ்டன் என்ற பெரியவரும் டேவியும் இதே திசையில் ஏதோ முயன்றிருந்தார்கள். ஃபாரடே கட்டுரையில் வொல்லாஸ்டன் பெயரைக் குறிப்பிடவில்லை. திருட்டு என்று ஊர் பேசியது. ஃபாரடே பக்கம் அவசரம் இருந்தது உண்மை, ஆனால் திருட்டு இல்லை. 1823-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் உறுப்பினராக அவர் பெயரை முன்மொழிந்தபோது, அதில் வொல்லாஸ்டனே கையெழுத்துப் போட்டார். எதிர்த்தது, சொசைட்டியின் தலைவர் டேவி.

பெயரை வாபஸ் வாங்கு என்று டேவி நேரிலேயே சொன்னார். அதை வைத்தது நான் இல்லையே, எப்படி எடுப்பேன் என்றார் ஃபாரடே. அப்படியானால் முன்மொழிந்தவர்களை எடுக்கச் சொல் என்றார். அவர்கள் எடுக்க மாட்டார்கள் என்றார் இவர். தலைவர் என்ற முறையில் நானே எடுப்பேன் என்று டேவி மிரட்ட, சொசைட்டிக்கு எது நல்லதோ அதை நீங்கள் செய்வீர்கள் என்று சொல்லிவிட்டு நின்றார். 1824 ஜனவரியில் ஓட்டெடுப்பு. எதிராக விழுந்தது ஒரே ஒரு ஓட்டு.

பதில் சொன்ன தோரணையைக் கவனி. ஒரு வார்த்தைகூட மரியாதை குறையவில்லை. ஓர் அங்குலம் விட்டும் கொடுக்கவில்லை. உன் விஷயத்திலும் அப்படிச் செய்யலாமே? எந்த அளவீட்டை நீ எடுத்தாய், எந்தத் தேதியில் எடுத்தாய் என்று வரிசையாக எழுதி, என் பெயர் ஏன் பின்னால் போனது என்று அவரிடமே கேள். வாயால் கேட்காதே, மெயிலில் கேள். பதில் சரியில்லை என்றால் துறையில் அடுத்து யாரிடம் போக வேண்டுமோ போ. அவரை நீ மதித்தாய் என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். கேட்பதற்காக, அவரிடம் கற்றதெல்லாம் பொய் என்று முடிவு கட்டவும் வேண்டாம்.

டேவி 1829-ல் இறந்தார். அவர் வரலாற்றை எழுத முனைந்த ஒருவருக்கு, 1812-ல் டேவி தனக்கு எழுதிய முதல் கடிதத்தை ஃபாரடே அனுப்பினார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், திருப்பி அனுப்பிவிடுங்கள், அதை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும் என்று கேட்டுக்கொண்டார். அத்தனைக்கும் பிறகு! அறிவியல்காரர்களின் நல்ல குணத்தைப் பற்றித் தான் சொன்னதும் அதற்கு டேவி சிரித்ததும்கூட, இப்படி அனுப்பும்போது ஃபாரடே கூடவே எழுதிய கடிதத்தில் இருப்பதுதான். 1836-ல் பத்திரிகையிலேயே வெளிப்படையாக எழுதினார்: உறுப்பினரான பிறகு டேவியோடு பழைய நெருக்கம் இல்லை, ஆனால் அவர் நடந்த பாதையில் போகும்போதெல்லாம் அவர் திறமையின் மேல் உயர்ந்த மதிப்போடுதான் போயிருக்கிறேன் என்று. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அந்த ஆளுக்கு முடிந்திருக்கிறது.

நம் கடைக்கு வருகிற தீசிஸ்களில் நன்றியுரைப் பக்கத்தை மட்டும் நான் விடாமல் படிப்பேன். எல்லாவற்றிலும் நெறியாளர் தெய்வம். கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலையவிட்டார் என்று இங்கே ஸ்டூலில் உட்கார்ந்து கண் கலங்கிய பையன், உள்ளே அவரையே வழிகாட்டும் விளக்கு என்று அச்சடித்து வைத்திருப்பான். நாங்களும் மேலே தங்க எழுத்துப் பதித்துக் கொடுப்போம். அந்த நன்றியுரையும் எனக்கு வேண்டாம், நீ போனில் சொன்னதும் எனக்கு வேண்டாம். உன் தீசிஸ் வரும்போது அந்தப் பக்கத்தில் அவரிடம் உண்மையாகவே என்ன கற்றாயோ அதை மட்டும் எழுது. ஒரு வரிதான் வந்தால் ஒரு வரி போதும். ஏழாம் வகுப்பில் உனக்குப் பூதக்கண்ணாடி வாங்கித் தந்த டீச்சர் பெயரையும் போடு. அவர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார், உன்னை விசாரிப்பார்.

இன்னொன்று. ஃபாரடேக்குக் கணக்கு வராது. காந்தத்தைச் சுற்றி அவர் மனசில் கண்ட கோடுகளை எடுத்துக் கணிதமாக எழுதியவர் மேக்ஸ்வெல், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1857-ல் அந்தக் கட்டுரை கைக்கு வந்தபோது இவ்வளவு கணக்கைப் பார்த்து முதலில் பயந்துபோனேன் என்று ஃபாரடே அவருக்கு எழுதினார். பிறகு அதே வருஷம் இன்னொரு கடிதத்தில், கணக்குப் போட்டுக் கண்ட முடிவை எங்களைப் போன்றவர்களுக்கும் புரிகிற சாதாரண பேச்சில் எழுத முடியாதா என்று கேட்டார். கேட்டவருக்கு 66 வயது, மேக்ஸ்வெல்லுக்கு 26.

நானும் அதையே கேட்கிறேன். உன் பெயர் எத்தனையாவதாக வந்தது என்பது எனக்கு இப்போது மனப்பாடம். அந்தக் கட்டுரையில் நீ என்ன கண்டுபிடித்தாய் என்பது இன்னும் தெரியாது. அடுத்த கடிதத்தில் தமிழில் எழுது. தம்பியை விட்டுப் படித்துக் காட்டச் சொல்கிறேன், அவனுக்கும் வேலை இருக்கும்.

அன்புடன்,
அப்பா