சீகலுக்கு ஒரு ஸ்பிரிங்

ஊத்தான் மெலிந்தாங், மலேசியா

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு எல்லாரும் சுகம். மழையையும் செம்பனை விலையையும் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

படகை விற்றுவிடுங்கள், புது யமஹா மோட்டாரோடு பைபர் படகு வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம்மா.

மூன்று மாதம் கொட்டகையில் கிடந்ததில் பலகை சுருங்கி, இடுக்கு வழியே வெளிச்சம் தெரிந்தது. செங்ஙால் மரம். (அம்மா இன்னும் செங்கல் என்றுதான் சொல்கிறாள். தூக்கிப் பார்த்தவர்கள் அவள் பக்கம்தான் பேசுவார்கள்.) பழைய அடைப்பைச் சுரண்டி, பஞ்சுத் திரியை இடுக்கில் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசினேன். அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன பூசை?” என்றார். செங்ஙால் மரத்திலேயே வடியும் குங்கிலியம் ஒன்று உண்டு, மலாய்க்காரர்கள் டாமார் பெனாக் என்பார்கள். அதைத் தேடித்தான் இத்தனை நாள் தாமதம். ஆற்றில் இறக்கிய முதல் இரவு முழுக்கத் தண்ணீர் இறைத்தேன். மூன்றாம் நாள் மரம் ஊறி, தானே மூடிக்கொண்டது.

அப்புறம் நம் படகு மோட்டார், சீகல். தோட்டத்துப் பட்டறையில் கழித்துப் போட்டதை நான் தூக்கி வந்தது உனக்குத் தெரியும். ‘உலகத்துக்கே சிறந்த மோட்டார்’ என்று வெள்ளைக்காரன் கூச்சமில்லாமல் விளம்பரம் செய்து விற்ற மோட்டார். கயிற்றைச் சுற்றி இழுத்தால் உடனே ஓடும், நியூட்ரல் கிடையாது. உன் ஏழு வயதில், நான் இழுத்த வேகத்தில் படகு பாய்ந்து நான் ஆற்றில் விழ, நீ கைதட்டினாயே! பத்துப் பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். புகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கியர் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருப்பதைப் பார்த்து, கடைப் பையன் ‘சீல் போச்சு, கழற்றணும்’ என்றான். போகவில்லை. இதில் கொஞ்சம் தண்ணீர் புகுந்து எண்ணெய் வெளுப்பது வழக்கம். எண்ணெயை மாற்றினால் சரி.

போன ஞாயிறு பெர்ணம் ஆற்றில் அக்கரைச் சிலாங்கூர் பக்கம் போகும்போது, மிதந்து வந்த மரத்துண்டில் விசிறி மோதியது. வேறு மோட்டாராக இருந்தால் விசிறியைப் பிடித்திருக்கும் ஊசி ஒடிந்திருக்கும். இதில் ஊசிக்குப் பதில் சுருள் ஸ்பிரிங், இடியை அது வாங்கிக்கொள்ளும். இத்தனை வருசம் வாங்கி வாங்கி, இந்த முறை விரிந்துவிட்டது. துடுப்புப் போட்டு வீடு வந்து சேர இருட்டிவிட்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை.

இந்த மோட்டார் பிறந்த ஊர், நீ இருக்கும் சவுத்தாம்டனிலிருந்து ரயிலில் போகிற தூரம்தானாமே. அந்தப் பக்கம் பழைய சாமான் கிடைக்கும் என்கிறார்கள். மோட்டாரின் நம்பரைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

தபாலில் அனுப்பாதே. பைபர் படகுக்கு வைத்த பணத்தில் டிக்கெட் போட்டு, தீபாவளிக்குக் கையிலேயே கொண்டு வா.

அப்பா