கேள்வியோடு வரும் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லுங்கள்

வடசென்னை நடுநிலைப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், மாநகராட்சியின் மண்டல, வார்டு அலுவலகங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், எங்கள் மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் ராயபுரத்தில் குடியிருக்கிறேன். மண்ணடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சென்ற ஆண்டிலிருந்து வாரம் ஒரு பாடவேளை இதழியல் வகுப்பு நடக்கிறது. பத்திரிகை வகுப்பு என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளை நோட்டும் பேனாவுமாக உங்கள் முன்னால் வந்து நின்றால் நீங்கள் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

வகுப்பு எடுக்க வருபவர் ஒரு நாளிதழில் நிருபராக இருக்கும் இளம்பெண். இதற்குச் சம்பளம் கிடையாது. தன் விடுப்பு நாளை இதற்காக மாற்றி வைத்துக்கொண்டு வருகிறார். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. பாடப்புத்தகம் என்று எதுவும் இல்லை. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு ஆரம்பித்தாராம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பழக்கினார். முக்கியமானதை முதல் வரியில் சொல்லிவிடு. ஒருவர் பெயரை எழுதுகிறாய் என்றால் அவரிடமே எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள். விலையோ தேதியோ எண்ணிக்கையோ, எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடமும் விசாரிக்காமல் செய்தியாக்காதே. அவர் சொன்னது எது, நீ நினைப்பது எது என்று படிப்பவருக்குத் தெரியும்படி எழுது.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அச்சகத்தில் என் மேசைக்கு வரும் துண்டறிக்கைகளில் தேதி ஒன்றாகவும் கிழமை வேறாகவும் இருப்பது வாடிக்கை. படித்த பெரியவர்கள் எழுதி அனுப்பியவைதான் அவை. சரிபார்க்கும் பழக்கம் சின்ன வயதில் கைக்கு வராவிட்டால் பிறகு வருவது கஷ்டம். என் மகளுக்கு வந்துவிட்டது. மளிகைக்கடை பில்லைக்கூட இப்போது அவள்தான் கூட்டிப் பார்க்கிறாள்.

மாதம் ஒரு சுவர்ப் பத்திரிகை போடுகிறார்கள். நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, பென்சிலில் கோடு போட்டு, பத்தி பிரித்து, கையால் எழுதியது. சென்ற ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஒரு செய்தி போட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் எழுதிய பையன், தடைக்காலத்தில் மீனவர்கள் வேலை இல்லாமல் வீட்டில் இருப்பார்கள் என்று எழுதியிருந்தான். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, எங்க அப்பா ஒருநாள்கூட வீட்டில் இருந்தது இல்லை என்று சொல்லிவிட்டாள். வகுப்பில் தீர்ப்புச் சொல்ல முடியாது, நேரில் போய்க் கேளுங்கள் என்று அக்கா சொன்னார். ஓர் ஆசிரியர் துணைக்கு வர, நாலைந்து பேர் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே ஒரு பெரியவர், "கடலுக்குப் போலன்னா சும்மா குந்திகினு இருக்கோம்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டு, படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பது, வலை சரிசெய்வது, அதற்கெல்லாம் வட்டிக்கு வாங்கும் பணம் என்று ஒன்றுவிடாமல் சொன்னாராம். அவர் பேசியதை அவர் பேசியபடியே போட்டார்கள். அந்தச் செய்திக்கு முன்னால் மதிய உணவு இடைவேளையில் கூட்டம் நின்றது. நானும் நின்று படித்தேன்.

வடசென்னையைப் பற்றி எழுதப்படுவதற்குக் குறைவே இல்லை. வெட்டு, குத்து, கஞ்சா, ரவுடி என்றால் எங்கள் பேட்டைகளின் பெயர் உடனே வந்துவிடும். வியாசர்பாடியில் ஒரு பிள்ளை கால்பந்து ஆடி மேலே வந்தாலும், குற்றம் மலிந்த பகுதியிலிருந்து வந்தவர் என்று ஒரு வரி சேர்க்காமல் பலருக்கு எழுத வராது. கொடுங்கையூர்க் குப்பைமேடும் மணலியின் புகையும் ஏதாவது நடக்கும்போதுதான் செய்தி. அங்கே அன்றாடம் மூச்சுவிடுகிறவர்களுக்குப் பத்திரிகையில் இடம் இல்லை. தடைக்காலத்தைப் பற்றி அந்த வகுப்பு எழுதியதைப் படித்தபோது, எங்கள் தெருவின் பேச்சை எங்கள் பிள்ளையே எழுதிப் பார்ப்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

இனி, மடல் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன் பெண்பிள்ளைகள் நாலு பேர் தங்கள் பள்ளிக் கழிப்பறையைப் பற்றிச் செய்தி எழுதினார்கள். காலையில் தண்ணீர் வருகிறது, பதினொரு மணிக்கு மேல் வருவதில்லை, இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நோட்டில் நாள்வாரியாகக் குறித்துவைத்திருந்தார்கள். பள்ளியில் கேட்டபோது, தண்ணீர் விஷயத்தை வெளியே ஓர் அலுவலகம்தான் பார்க்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அலுவலகத்துக்கு ஆசிரியரோடு போனார்கள். "போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்கம்மா" என்றார்களாம். மறுபடி பள்ளியில் கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. என் மகள் வீட்டுக்கு வந்து, "யாரும் பதில் சொல்லலைன்னா எப்படிம்மா செய்தி எழுதுறது?" என்று கேட்டாள். மறுவாரம் அக்கா அதற்கும் வழி சொன்னார்: யாரிடம், எந்தத் தேதியில் கேட்டீர்கள் என்று எழுதுங்கள். பதில் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள். கோபமாக எதுவும் சேர்க்காதீர்கள். அப்படியே எழுதி ஒட்டினார்கள். ஆய்வுக்கு மேலதிகாரிகள் வருகிறார்கள் என்று சொல்லி, அதற்கு முந்தின நாள் அந்தப் பத்திரிகையைக் கழற்றிவிட்டார்கள். தண்ணீர் வராததைப் பற்றி எழுதியதுகூடப் பரவாயில்லையாம். பதில் கிடைக்கவில்லை என்ற வரிதான் உறுத்தியதாம்.

பள்ளியின் பெயரையும் அலுவலகத்தின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. இது ஒரு பள்ளியோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அந்த வரி மட்டும் இல்லாவிட்டால் செய்தி பாதி உண்மையாகிவிடும். அதைவிட நேர்மையாக அந்தப் பிள்ளைகள் எழுதியிருக்க முடியாது. அந்த வரியை எடுக்க ஒரே ஒரு முறைதான் இருக்கிறது, அது பதில் சொல்வது. மோட்டார் பழுது, சரிசெய்ய இத்தனை நாள் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் பிள்ளைகள் அதைத்தான் எழுதியிருப்பார்கள். பள்ளிக்கும் கெட்ட பெயர் வந்திருக்காது. காகிதத்தைக் கழற்றியதால் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. அந்த நாலு பேரும் வகுப்பில் இப்போது பேசுவது குறைந்துவிட்டது என்று அக்கா சொல்கிறார். இதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கட்டி நான் ஒரு மனு கொடுத்தால் 30 நாளுக்குள் எனக்கு எழுத்தில் பதில் தர நீங்கள் கடமைப்பட்டவர்கள். பிள்ளைகள் சட்டப் பிரிவைச் சொல்லி வரவில்லை. எழுதிக்கொள்ளட்டுமா சார் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறார்கள். அவர்களை விரட்டுவது என்ன நியாயம்?

2018 மே மாதத்தை நினைவுபடுத்துகிறேன். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி ஓடியது. இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அந்தச் சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பத்தை மடக்கி அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். யார் சொன்னது, இந்தப் படம் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று கூட்டத்தில் ஒருவரும் நின்று கேட்கவில்லை. அதே ஆண்டில் கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம், பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கும் வகுப்புகளை அரசுப் பள்ளிகளில் நடத்தத் தொடங்கியது. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோர் அனுப்புவதைத் தடுப்பார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். என் வீட்டில் அது நடக்கிறது.

2023 டிசம்பரில் என்ன நடந்தது என்பதும் உங்களுக்கு மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்தது. அது அடங்குவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது, எது கசிகிறது, வெடிக்குமா என்று சொல்ல ஆள் இல்லை. செல்போனில் வந்ததெல்லாம் ஆளுக்கொரு கதை. தொழிற்சாலைகளுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் வளரும் பிள்ளைகளுக்கு, கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் நீச்சலைப் போல; தெரியாமல் இங்கே இருக்கக் கூடாது. ஆனால் கேட்டால் பதில் வரும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும். அந்த நம்பிக்கையைக் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளில் உடைத்துவிட்டால், நாளைக்குப் பெரிய விஷயத்தில் நீங்கள் சொல்லும் உண்மையைக்கூட யாரும் கேட்க மாட்டார்கள்.

மாநகராட்சியின் ஆறாவது மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். அவர் வெஸ்லி பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். 1917இல் தேசபக்தன் நாளிதழுக்கு ஆசிரியரானார். மறு ஆண்டே பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் நின்றார். அதற்கும் முன்பே, 1907இல், அயோத்திதாசர் இதே சென்னையில் ஒரு பைசா விலையில் வார இதழ் தொடங்கினார். பெயரே ஒரு பைசாத் தமிழன். பத்திரிகை எழுத்து இந்த ஊரின் உழைப்பாளிகளுக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு இல்லை.

பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பது வரை படிப்பவர்களுக்குத் தேன்சிட்டு இதழை அச்சிட்டு அனுப்புகிறது. நல்ல வேலை, என் மகள் விடாமல் படிக்கிறாள். ஆனால் சொந்தப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி அதில் எழுத முடியாது. அதற்குச் சுவர்ப் பத்திரிகைதான் வேண்டும்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு எதுவும் இல்லை. வாரம் ஒரு பாடவேளையை எடுத்துவிடாதீர்கள். தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது இதுதான். தனிப் பாடத்திட்டம் வேண்டாம், இலக்கிய மன்றத்தின் கீழேயே வைத்துக்கொள்ளலாம். ஒட்டிய இதழ் அடுத்த இதழ் வரும்வரை சுவரில் இருக்கட்டும். அதில் தகவல் தப்பு என்றால் சொல்லுங்கள், அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள். தடைக்காலச் செய்தியில் தப்பை ஒட்டுவதற்கு முன்பே திருத்தியவர்கள்தான் அவர்கள். வார்டு அலுவலகங்களில், பிள்ளைகள் எழுத்தில் கொடுக்கும் கேள்விக்கு ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் வேண்டும். இரண்டே வரி போதும். தெரியாது, விசாரித்துச் சொல்கிறோம் என்பதும் பதில்தான். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தானே, அந்தக் கூட்டத்தில் மாத இதழை வாசித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிய கவலை நியாயமானது. எனக்கும் உண்டு. அடிதடி நடந்த இடத்துக்கு அவர்களை அனுப்புவதில்லை, பெரியவர் துணை இல்லாமல் பள்ளியை விட்டு வெளியே போவதில்லை, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரோ படமோ போடுவதில்லை. அது சட்டப்படியும் குற்றம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேலும் நிபந்தனை வேண்டும் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

அடுத்த இதழுக்கு அவர்கள் எடுத்திருப்பது பள்ளி வாசலை ஒட்டிப் போகும் கன்டெய்னர் லாரிகள். என் மகள் நோட்டில் மூன்று கேள்வி இருக்கிறது. பள்ளி விடும் நேரத்தில் இந்தத் தெருவில் டிரெய்லர்கள் வரலாமா, கூடாதா? கூடாது என்றால் தடுப்பது யார் பொறுப்பு? வாசலில் அழிந்துபோன சாலைக் கோடுகளை எப்போது திரும்பப் போடுவீர்கள்? வருகிற வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேல் ஆசிரியரோடு வருவார்கள். உட்கார வைத்துப் பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்
ராயபுரம், சென்னை