டிக் போட்ட பாவம்

செந்தூல், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

டேய் குண்டா,

உன் கடிதம் நாலு மாதமாக மேசையிலேயே கிடக்கிறது. திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. தே தாரேக் டீயை விட்டுவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

தங்கச்சி பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போய்விட்டாள். சனிக்கிழமைகளில் நான்தான் கணக்கு வாத்தியார். சிரிக்காதே, கொட்டாவி சாரிடம் அதிகம் பிரம்படி வாங்கியது நீதான். போன வாரம் 5 − 2(க − 3) = 3 என்று ஒரு கணக்கு. (எக்ஸுக்குப் பதில் நம் வழக்கப்படி 'க', கத்திரிக்காய்.) க = 4 என்று கொண்டுவந்தாள். 4-ஐப் போட்டுப் பார்த்தேன், சரி. சிவப்புப் பேனாவில் பெரிய டிக்.

ராத்திரிதான் வழிமுறையைப் பார்த்தேன். ஐந்தில் இரண்டைக் கழித்து 3; பிறகு 3(க − 3) = 3; ஆக, 4. அடப்பாவி! அந்த 2 அடைப்புக்குறியோடு பெருக்கலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை முதலில் எப்படிப் பிரித்துக் கழிப்பது? தப்பான வழி, குருட்டாம்போக்கில் சரியான விடை. அதற்கு என் டிக்!

நேற்று 9 − 2(க − 1) = 3 கொடுத்தேன். அதே வழியில் போய் 10/7-இல் நின்றாள். விரித்து எழுது என்றால் 9 − 2க − 2. வெளியே இருக்கும் கழித்தல் உள்ளே இருக்கும் 1-இன் குறியையும் மாற்றும், +2 வரும் என்று புரிய வைக்கவே அரை மணி நேரம். ஒருவழியாக −2க = −8 வரை வந்தாள். அங்கே, "−2 அந்தப் பக்கம் போனா +2 தாத்தா" என்று க = −6 போட்டாள் பார்!

அந்த மந்திரத்தைத்தானேடா நாமும் ஒப்பித்தோம்? எதுவும் எங்கேயும் போவதில்லை. இரண்டு பக்கத்தையும் −2-ஆல் வகுத்தால் 4. உங்கப்பா கடைத் தராசில் ஒரு தட்டில் கை வைத்தால் மறு தட்டிலும் வைக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

2021-இல் ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். பரீட்சையை எடுத்தார்கள், 2022-இல் படிவம் மூன்றின் பி.டி.3 பரீட்சையையும். பிள்ளைகளுக்குப் பயம் விட்டது, நல்லதுதான். ஆனால் வரி வரியாகப் பார்க்க வேண்டிய நானே விடையை மட்டும் பார்த்தேனே, அதுதான் உறுத்துகிறது. பழைய டிக்கை அடித்தபோது, "விடை சரிதானே, ஏன் அடிக்கிறீங்க?" என்று கேட்டாள். சட்டென்று பதில் வரவில்லை.

தைப்பூசத்துக்கு இ.டி.எஸ். ரயில் ஏறி பட்டர்வொர்த் வருகிறேன். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் சேர்ந்தே போவோம். அந்தத் தராசைப் பரணிலிருந்து இறக்கி வை, படிக்கல்லையும் தேடு. திரும்பும்போது எடுத்துப் போகிறேன்.

உன்,
ஒட்டடை