எத்தனை பாலிசி விற்றார்கள் என்பதோடு கணக்கை முடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மார்ச் மாதக் கடைசியில், என் அம்மாவின் 2 லட்சம் ரூபாய் டெபாசிட் முதிர்ந்தது. புதுப்பிக்கத்தான் பேங்குக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் இருந்தது இன்சூரன்ஸ் ரசீது. "இதுவும் டெபாசிட் மாதிரிதாம்மா, வட்டிதான் கூட" என்று சொல்லி, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். "இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு போன் வரும், எதைக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க" என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போன் வந்தது, அம்மாவும் ஆமாம் ஆமாம் என்றார். அடுத்த மார்ச்சில் இரண்டாவது பிரீமியம் கட்டச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோதுதான் இது வருடா வருடம் கட்டவேண்டிய பாலிசி என்றே தெரிந்தது. 68 வயது, குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர், வருடம் 2 லட்சத்துக்கு எங்கே போவார்?

பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க இப்போது விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் தான் போட்டது டெபாசிட் என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் அந்த 30 நாளில் எதைத் திருப்பிக் கொடுப்பார்?

கையெழுத்து வாங்கிய அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அக்கா மகள் ஒரு தனியார் வங்கியில் இருக்கிறாள். காலையில் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய டார்கெட் வரும், சாயங்காலம் போனில் ஒவ்வொருவராக எண்ணிக்கை சொல்ல வேண்டும், குறைந்தால் எல்லார் முன்னாலும் பேச்சு. அவளுடைய அப்ரைசலில், அதாவது வேலைக்கு மார்க் போடும் மதிப்பீட்டில், 'வாடிக்கையாளர்' என்று தனியாக ஒரு பகுதியே இருக்கிறதாம். சரி, அதற்கு எப்படி மார்க் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை திட்டம் விற்றாள் என்பதை வைத்துத்தானாம்! லாபத்தை மட்டும் பார்க்காதீர்கள், வாடிக்கையாளரையும் ஊழியர் கற்றுக்கொள்வதையும் சேர்த்து அளந்து பாருங்கள் என்று மேலாண்மை அறிஞர்களான கேப்ளானும் நார்ட்டனும் 1992இல் எழுதினார்கள். அந்தத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே விற்பனையையே திரும்பவும் எண்ணினால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கி வைத்திருந்ததும் இதே அளவுகோல்தான். ஒரு வீட்டுக்கு 8 திட்டம் என்று இலக்கு. அதை எட்டுவதற்காக ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம், சுமார் 5,300 பேருக்கு வேலை போயிற்று, 2020இல் வழக்குகளை முடிக்க இன்னும் 300 கோடி டாலர். கிளை ஊழியர்களுக்கு இருந்த விற்பனை இலக்கையே அந்த வங்கி 2016இல் எடுத்துவிட்டது.

இங்கேயும் வங்கிகள் இன்சூரன்ஸைத் தவறாகச் சொல்லி விற்பதை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் கண்டித்தார். கண்டித்தால் மட்டும் நிற்காது, மார்க் போடும் முறை மாறினால்தான் நிற்கும். அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விற்ற பாலிசிகளில் எத்தனைக்கு 13-வது மாதத்திலும் 61-வது மாதத்திலும் பிரீமியம் வந்துகொண்டிருக்கிறது என்ற கணக்கை ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கெனவே வெளியிடுகின்றன. அதையே கிளைவாரியாகப் பிரித்து, விற்ற மேலாளரின் அப்ரைசலில் சேருங்கள், அவர் வேறு ஊருக்கு மாறிப்போனாலும் அந்த மார்க் அவர் பின்னாலேயே போகட்டும். எங்கள் கிளையில் அம்மாவுக்கு விற்றபோது இருந்த மேலாளர் இப்போது இல்லை, புதியவர் "எனக்கு ஒன்றும் தெரியாது சார்" என்கிறார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

அப்புறம் அந்த போன். ஆமாம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியாகக் கேட்கவே கூடாது. "நீங்கள் என்ன வாங்கியிருக்கிறீர்கள்? எத்தனை வருடம் பணம் கட்ட வேண்டும்?" என்று தமிழில் கேட்டு, அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். அம்மாவிடம் அன்றைக்கு அப்படிக் கேட்டிருந்தால் "டெபாசிட்" என்றுதான் சொல்லியிருப்பார், விஷயம் அங்கேயே வெளியே வந்திருக்கும். தப்பான பதில் வந்தால் அந்த விற்பனை டார்கெட்டில் சேராது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் ரிசர்வ் வங்கியும் சேர்ந்து உத்தரவு போட வேண்டும்.

வங்கி வாடிக்கையாளர் ஒருவர்,
கும்பகோணம்